எப்சிலான் சொல்லு தம்பி

"இன்னும் சின்னதா ஒரு எப்சிலான் சொல்லு தம்பி."

"ஆயிரத்துல ஒரு பங்கு. இதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா."

"விடையில அவ்வளவு பிசகைத்தான் பொறுத்துப்பே, அதானே? அப்போ அதுல பாதி தூரத்துக்குள்ள நான் நின்னாப் போதும். அடுத்து?"

"சைபர்."

"அது செல்லாது. எவ்வளவு சின்னதாவும் கேளு, ஆனா சைபரை விடப் பெருசா இருக்கணும்."

அவன் எந்த எண்ணை வீசினாலும் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை. போன தடவையும் கோட்டை விட்டேன். யாருக்காவது சொல்லிக்கொடுத்தாத்தான் எனக்கு மண்டையில ஏறும். நான் வாயைத் திறந்தாலே வீட்டுல எல்லாரும் செருப்பை மாட்டிக்கிறாங்க."

"எனக்கு நல்லாப் புரிஞ்சிடுச்சுக்கா."

"அப்படியா? எங்கே, முதல்லேர்ந்து நீ சொல்லு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பியை வளைத்து அவன் உள்ளே நுழைந்த அந்த ஜன்னலுக்குக் குறுக்கே இப்போது பீரோ நின்றது. வாசல் சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது. அவன் கட்டி வைத்திருந்த வெள்ளிப் பாத்திர மூட்டையின் மேல் பாடப்புத்தகம் விரிந்து கிடந்தது.

அவன் கைகூப்பினான்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போலீஸைக் கூப்பிடுங்கக்கா."