ஒரே ஒரு போட்டோ

ஆல்பத்தை விரித்த அதிகாரி சிரித்துவிட்டார்.

என் கல்யாண ஆல்பம்தான் அது. கழுத்தில் ஒரு புள்ளி இல்லை. உரித்த முட்டை மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன்.

அடுத்ததை எடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பிறந்தநாள். அதிலும் அத்தனை பேரும் பளபள.

தெருவே பீரோக்களைக் கவிழ்த்து, இரண்டு பை நிறைய ஆல்பம் சுமந்து வந்திருந்தோம். கிளம்புகிற அவசரத்தில் ஒருத்திகூடத் திறந்து பார்க்கவில்லை. என் கழுத்து எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதா என்கிற திமிர்தான்.

எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. குடித்த எங்கள் எல்லோர் தோலிலும் கறுப்புப் புள்ளி. அதை இந்த ஆபீசே ஒப்புக்கொண்டுவிட்டது. மண்ணுக்கடியில் முதலிலிருந்தே இருந்ததா, பிறகு வந்து கலந்ததா என்பதில்தான் சண்டை. சாயப்பட்டறை கலந்த விஷம் என்கிறார் அதிகாரி. பட்டறை வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. முதலாளி பூட்டைத் தொங்கவிட்டு எங்கேயோ ஓடிவிட்டான். ஓடிப்போனவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

மண்ணிலேயே இருந்தது என்றால் கதை வேறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், சோதித்துப் பார்க்காமல் அந்த பம்பைப் போட்டது இதே ஆபீஸ். வைத்தியச் செலவும் அவர்கள் பொறுப்பு.

என் அண்ணிக்கு அந்த வைத்தியம் இப்போதே வேண்டும். புள்ளியில் ஆரம்பித்து, உள்ளங்கை காய்த்துப்போய், இப்போது வலது கையில் ஆறாத புண். புற்றாக மாறுகிறது, தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அண்ணனிடமும் என்னிடமும் விற்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

போன வாரம் சொன்னதையே அதிகாரி இப்போதும் சொன்னார். இந்த முறை குரலில் தேன் சொட்டியது.

“பட்டறைக்கு முன்னாடியே உங்களுக்கு இந்தப் புள்ளி இருந்துச்சுன்னு ஒரே ஒரு போட்டோ காட்டுங்கம்மா. நான் இங்கேயே கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

சுவரோரம் நின்ற டச்சப் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்துக்கெல்லாம் ஒரே ஸ்டூடியோ அவருடையது. எந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது என்று சொல்ல நாங்கள்தான் அவரை இழுத்து வந்திருந்தோம். புள்ளியை அழிப்பதில் அவர் மன்னன். சிறுத்தையைக் கொண்டுபோனாலும் பூனையாக்கித் தருவார். அதற்குத் தனிக் காசு. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற எந்த வீடும் அந்தக் காசுக்கு மூக்கால் அழுததில்லை.

அழிக்காத படம் கம்ப்யூட்டரில் ஏதாவது கிடக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். இடம் போதாமல் எல்லாவற்றையும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாராம்.

அதிகாரி கடைசி ஆல்பத்தையும் மூடினார். எங்களைக் கிளம்பச் சொல்லாமல் கிளம்பச் சொன்னார். பெண்கள் ஆல்பங்களைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினார்கள்.

நான் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையெழுத்து விழும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னேன். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் தூக்கியவர்கள் திரும்பக் கீழே வைத்தார்கள்.

டச்சப் அண்ணன் மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. அதிகாரியின் தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. டியூப்லைட் பட்டுக் கண்ணாடி மின்னியதில் எங்களுக்கு அது வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ஓர் எட்டு தள்ளி நின்று பார்த்தார்.

“அது நான் எடுத்ததுதான். தெருவுக்குப் பரிசு குடுத்தாங்களே, அன்னிக்கு. டச்சப்புக்கு மட்டும் காசு தர மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

எல்லாத் தலையும் சுவர் பக்கம் திரும்பியது.

பிறகு அண்ணி எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் போனாள். அந்தப் பக்கம் வெளியாட்கள் வரக்கூடாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் தூக்கி, படத்தை ஆணியிலிருந்து கழற்றி, ஆல்பங்களின் மேல் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தாள்.

சுத்தமான தெரு என்று எங்களுக்குக் கொடுத்த பரிசு. கீழே தேதி அச்சடித்திருந்தது. பட்டறை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு.

படத்தில் கோப்பையை வாங்க அண்ணி இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள். உள்ளங்கைக் காய்ப்பு பளிச்சென்று தெரிகிறது. கழுத்திலிருந்து தோள்வரை, தூறல் விழுந்த புழுதி மாதிரி புள்ளிகள். பின்னால் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மற்றவர்களும், அவரவர் சொந்தத் தோலோடு நிற்கிறோம். அதைப் பார்த்து எனக்கு வெட்கமே வரவில்லை. கர்வமாக இருந்தது.

அண்ணி மேஜையில் கிடந்த பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

அதிகாரி அதைத் தொடவில்லை. படத்தில் இருக்கிற பெண் இவள்தான் என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டார்.

படத்தில் அவளுக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்ற ஆளின் முகத்தில் அண்ணி விரலை வைத்தாள்.

அப்போது தலையில் முடி கொஞ்சம் கூடுதல். மற்றபடி அவரேதான்.