அப்பாவின் நெஞ்செரிச்சல்

"சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்காரணும். அம்மாவும்தான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரு வாரம் தங்கலாம் என்று வந்த மகளுக்கு இரண்டாம் நாளே பற்றிக்கொண்டு வந்தது.

நெஞ்செரிச்சலாம். அந்த ஒரு மனிதருக்காக வீட்டில் காரம் கிடையாது, பொரித்தது கிடையாது, காபி கிடையாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வேறு. அந்தச் சரிவில் படுத்து, காலையில் அம்மா கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்து, அப்பாடா என்று அம்மா தலையைச் சாய்க்கப் போனால், "துணைக்கு வா" என்று தெருக்கோடி வரை நடக்க இழுத்துக்கொண்டு போகிறார். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற கால்கள் அவை. மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

"ஏம்மா, உனக்கு வாயே இல்லையா?"

"பாவம்டி, அவரால முடியல. நான் மட்டும் காரமா சாப்பிட்டா அவருக்கும் ஆசை வருமே. அதான் நானும் விட்டுட்டேன்."

மகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "நீ என்னோட கிளம்பு. தனியா இருந்து பார்த்தாத்தான் அவருக்கு உன் அருமை தெரியும்."

அம்மாவின் துணிகளை அவளே பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

"அவளை எங்கேயும் அனுப்ப முடியாது."

"அப்படின்னா டாக்டர்கிட்ட வாங்க. அப்படி என்னதான் வியாதின்னு நானே கேக்குறேன்."

"டாக்டரெல்லாம் எதுக்கும்மா..." என்று மழுப்பினார். அவள் விடவில்லை.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். டாக்டர் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். "உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், இறங்கினதும் மூடிக்கும். அது தளர்ந்துட்டா நேரங்காலம் இல்லாம திறந்துக்கும். அமிலம் மேல ஏறிக் குழாயைப் புண்ணாக்கும். சாப்பிட்டதும் படுத்தா இன்னும் மோசம். வருஷக்கணக்கா கவனிக்காம விட்டா, சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும்."

வந்ததிலிருந்து அப்பாவை மனசுக்குள் திட்டித் தீர்த்ததெல்லாம் மகளுக்கு நினைவுக்கு வந்தது.

"எங்கப்பாவுக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லிடுங்க டாக்டர். இனிமே மறைச்சா காரியம் கெட்டுடும்."

"அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா. கல்லைத் தின்னாலும் செரிக்கும். புண்ணு உங்க அம்மாவுக்கு. ஆறு மாசம் முன்னாடி குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னேன். 'இதெல்லாம் ஒரு வியாதியா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான் மாத்திரையும் ஒழுங்கா போடுறாங்க, புண்ணும் பாதி ஆறியிருக்கு."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் போட்டுட்டு, மிஞ்சினதைக் கடைசியா நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுக்கிட்டு, அப்படியே போய்ப் படுத்துடுவா," என்றார் அப்பா. "ஒரு மாசம் கெஞ்சிப் பார்த்தேன்மா, தனக்காக அவ எதையும் விடல. எனக்கும் அதே வியாதின்னு ஒரு பொய் சொன்னேன், மறுநாளே வீட்டுச் சமையலையே மாத்திட்டா."