சௌக்கத் மடியில ஒரு மஞ்சப்பை

மஞ்சப்பைய மடியில கட்டிப் புடிச்சினு ஒக்காந்திருந்தான் சௌக்கத் அலி. எனக்குப் பத்திகினு வந்துச்சு.

என் பேரு எத்திராஜ். தண்டையார்பேட்டையில சீட்டாடுற மன்றம் ஒண்ணுல டீ போடறவன். ஞாயித்துக்கிழமை மத்தியானமானா போக்கர் டேபிள் நெறஞ்சிடும். சௌக்கத் ஆட மாட்டான். அவன் தோஸ்து அன்புமணி ஆடுறப்போ பின்னாடி சேர் போட்டு ஒக்காருவான், அவ்ளோதான்.

அன்புமணி நெதானமான ஆட்டக்காரன். ஆட்டத்துக்குன்னு தனியா காசு வச்சிருப்பான். ஒரு ஞாயித்துக்கு மூவாயிரம். ஜெயிச்சா அதுலயே சேத்துடுவான். மூவாயிரமும் போச்சுன்னா ஒரு டீயக் குடிச்சிட்டு எழுந்து பூடுவான். ரெண்டு வருஷமா வூட்டுக் காசுல கை வச்சதே இல்ல.

ஆனா இப்ப ஒம்போது ஞாயிறா தொடர்ந்து அடி. சீட்டு நல்லாத்தான் வரும், கடைசி சீட்டு கவுத்துடும். அன்னிக்கும் கையில ரெண்டு ராஜா வச்சிருந்தான். எதிர்ல இருந்தவனுக்குக் கடைசியில ஒரு ஏழு வந்து, மூணு ஏழா ஆயிடுச்சு. மூவாயிரமும் காலி.

அன்னிக்கு அவன் எழுந்திருக்கல.

மறுநாள் அவன் சொந்தமா ஒரு குட்டி யானை லோடு வண்டி எடுக்க அட்வான்ஸ் கட்டணும். கட்டலன்னா வண்டி வேற ஆளுக்குப் பூடும். பன்னெண்டு வருஷமா ஹார்பர் குடோன்ல அடுத்தவன் வண்டிய ஓட்டினு கெடக்கறவன். இந்த சேதி மன்றத்துல எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி சௌக்கத்தப் பார்த்தான்.

"அஞ்சாயிரம் எடு தோஸ்து. ஒரு மணி நேரத்துல திருப்பி வச்சிடறேன்."

"வேணாம் மணி. வூட்டுக்குப் போலாம் வா."

காசு இல்லாம இல்ல. பை வாய் தொறந்தப்போ நானே பார்த்தேன், கட்டுக் கட்டா ஐநூறு ரூவா நோட்டு. அன்புமணி கெஞ்சினான். அப்புறம் கத்தினான். கடைசியில சட்டையப் புடிச்சி உலுக்கினதுல பட்டன் தெறிச்சி என் அடுப்பாண்ட வந்து வுழுந்துச்சு. சௌக்கத் பைய மட்டும் வுடல.

எனக்குத் தாங்கல. என் டீக் கல்லாவுலேர்ந்து ரெண்டாயிரம் எடுத்து அன்புமணி கையில வச்சேன். "நீயெல்லாம் இன்னா தோஸ்துடா"ன்னு சௌக்கத்த மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அவன் குனிஞ்சி பை வாய முடிச்சுப் போட்டான். ஆடினு இருந்தவங்க எல்லாம் என்னத் தட்டிக் குடுத்தாங்க. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

என் ரெண்டாயிரம் இருபது நிமிஷம் கூட நிக்கல.

பத்து நாள் கழிச்சி ஒரு காலையில கீழ ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தா, மாலை போட்ட புது குட்டி யானை. பக்கத்து சீட்டுல சௌக்கத், அதே சட்டை, அதுல ஒண்ணு மட்டும் வேற கலர் பட்டன்.

அன்புமணி மேல ஏறி வந்து லட்டு குடுத்தான். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அந்தக் கஞ்சன் குடுக்கலன்னாலும் எப்படியோ பொரட்டிட்ட பார்த்தியா"ன்னேன்.

"பொரட்டலண்ணா. அந்தப் பை என்னுது. அன்னிக்குக் காலையிலதான் ஏலச்சீட்டுப் பணம் வந்துச்சு, வண்டி அட்வான்ஸுக்கு. தொடர்ந்து தோத்துகினு இருந்தா புத்தி கெட்டுப் பூடும்னு எனக்கே பயம். அதான் ஆட ஒக்கார்றதுக்கு முன்ன அவன் கையில குடுத்து, நான் கால்ல வுழுந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

கடிச்ச பாதி லட்ட அடுப்பாண்ட வச்சிட்டேன்.

அன்புமணி ரெண்டாயிரத்த எண்ணி என் கல்லாவுல வச்சான்.

"இனிமே நான் தோத்துட்டு வந்து கை நீட்டினா, டீ மட்டும் குடுண்ணா."