ஆடாத எர்த் வயர்

பழைய வேனின் பானெட்டுக்குள் அன்று இருந்தவர்கள் பேட்டரி, இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர், பேட்டரியை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் வயர் ஆகிய மூவர். வண்டி சில நாள் காலையில் கிளம்பும், சில நாள் கிளம்பாது. கோளாறு யாரிடம் என்று பார்க்க மெக்கானிக் வரவிருந்தார்.

“தம்பி, துருப்பிடித்துத் தளர்ந்திருப்பது உன் போல்ட்தான். அவர் வந்ததும் ஆடிக் காட்டிவிடு. சுரண்டித் துடைத்தால் சரியாகிவிடும்,” என்றது ஸ்டார்ட்டர்.

“உங்களுக்கு வயசாகிவிட்டது அண்ணே. பழியை என் மேல் போடாதீர்கள்,” என்றது வயர்.

பேட்டரிக்கு உண்மை தெரியும். ‘நமக்கெதற்கு வம்பு’ என்று இருந்துவிட்டது.

மெக்கானிக் ஸ்பேனரால் ஸ்டார்ட்டரைத் தட்டினார். அந்த அதிர்வில் வயரின் முனை சரியாகப் பட்டு வண்டி கிளம்பியது.

“தட்டினால் எடுக்கிறது. ஸ்டார்ட்டர்தான் போச்சு,” என்று அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு, புதிது மாட்டினார்.

மறுவாரம் வண்டி மறுபடி கிளம்பவில்லை. “அப்போ பேட்டரிதான் போச்சு,” என்று மெக்கானிக் அதைக் கழற்றக் கை வைத்தார்.

“தம்பி, இப்போதாவது ஆடிக் காட்டுடா!” என்று பேட்டரி கெஞ்சியது.

வயர் அசையவில்லை. பழைய மூவரில் மிஞ்சியது ஒன்று.