தெலுங்குப் படத்தில் ஜெயித்தவர்

“செத்தாலும் நான் தோக்க மாட்டேன் சார். வேற ஆளப் பாரு” என்றார் நாகபூஷணம்.

“நிஜத் தேர்தல் இல்லைய்யா இது, சினிமா! பன்னெண்டே நிமிஷம்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் படம் பிடிக்க வந்த திருப்பதிக்காரர் ஸௌரிராஜன்.

தேர்தலில் தோற்றவர் ஜெயித்தவருக்கு மாலை போடுவார். ஜெயித்தவர் தோற்றவருக்குத் துண்டு போர்த்திக் கட்டிக்கொள்வார். ஜனங்களுக்குப் புத்தி சொல்கிற படம். நிஜமான எதிரிகளையே நடிக்க வைத்தால் தத்ரூபமாக இருக்கும் என்று யாரோ மனுஷனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். சொன்ன புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!

நகரிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். அது ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எல்லைத் தகராறு தீராத சமயம். பஞ்சாயத்து பிரசிடென்ட் நாகபூஷணம் ஆந்திரா கட்சி. அவருக்கு எதிராளி வரதராஜன், மெட்ராஸ் கட்சி. இரண்டு பேரும் வீட்டில் பேசுவது என்னவோ ஒரே தமிழ்தான். அதைச் சொல்லிக்காட்டினால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள்.

“அவன் தோக்கட்டும்” என்றார் நாகபூஷணம்.

“நான் ஏன்யா தோக்கணும்? அவன் தோத்தா ஆவாதா?” என்றார் வரதராஜன்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. படம் பிடிக்க வந்தவர்கள் இட்லி தின்றுகொண்டும் காமிராவைத் துடைத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஸௌரிராஜனுக்கு மூளை வேலை செய்தது. படத்தை எப்படியும் இரண்டு பாஷையில் எடுக்க வேண்டும். தெலுங்கில் நாகபூஷணம் ஜெயிக்கட்டும், தமிழில் வரதராஜன் ஜெயிக்கட்டும். அது ஆந்திராவில் ஓடும், இது மெட்ராஸில் ஓடும். தீர்ந்தது தகராறு!

நாகபூஷணம் யோசித்தார். பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது. ஊர் ஆந்திராவோடு இருந்துவிட்டால், தெலுங்குப் படம்தான் இங்கே வரும். தான் ஜெயிப்பதை ஊரே கண்ணால் பார்க்கும். அப்புறம் எவன் வரதராஜனுக்கு ஓட்டுப் போடுவான்? பிரசிடென்ட் நாற்காலி போனால் அவருக்கு உயிரே போன மாதிரி.

“ஆவட்டும் சார்” என்றார்.

தமிழ்ப் படத்தை முதலில் எடுத்தார்கள். அதில் தோற்ற நாகபூஷணம் கடைசி வரை காமிரா பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. முதுகுதான் படத்தில் விழுந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் தெலுங்கு.

“அவன் அழுவணும் சார்” என்றார் நாகபூஷணம்.

“கதையில அழுகை இல்லையேய்யா?”

“அழுவான் பாரு.”

அன்று விடிந்ததும், பெண்டாட்டி செங்கம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவரே கைப்பிடி மிளகாயை அரைத்தார். கரைத்து, ஒரு சிவப்புத் துண்டை நனைத்து, காய வைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வரதராஜனுக்குப் போர்த்தப் போகிற துண்டு அதுதான்.

நகரி வெயிலைச் சொல்லவா வேண்டும்? வரதராஜன் மாலை போட்டார். நாகபூஷணம் துண்டைப் போர்த்தினார். வரதராஜனுக்கு முகமெல்லாம் வேர்வை. அந்தத் துண்டாலேயே அழுத்தித் துடைத்தார்.

அவ்வளவுதான்! கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது, மனுஷனுக்கு எதிரே நிற்பவர் தெரியவில்லை. ஆனாலும் தடவித் தடவி நாகபூஷணத்தைக் கட்டிக்கொண்டு, “ஊர நல்லாப் பாத்துக்கோப்பா” என்று தன் வசனத்தைத் தெலுங்கில் முழுசாகச் சொல்லி முடித்தார்.

“அடடா! என்ன நடிப்பு!” என்று ஸௌரிராஜனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல வேளை, தன் அங்கவஸ்திரத்தால் துடைத்தார்.

சில மாதத்தில் எல்லை முடிவாயிற்று. ஊர் ஆந்திராவோடேயே நின்றது. நாகபூஷணம் வெடி வெடித்தார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், பட்டப்பகலில் பள்ளிக்கூட ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டித் தெலுங்குப் படத்தைப் போட வைத்தார். வரதராஜன் அழுகிற இடம் வந்ததும், பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

தேர்தல் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் நாகபூஷணத்துக்கு விழுந்தது நாற்பத்தோரு ஓட்டு. மிச்சமெல்லாம் வரதராஜனுக்கு.

வீட்டுக்கு வந்த நாகபூஷணம் தோள் துண்டை உதறி வீசினார்.

“ஏமாந்த ஜனங்கமே! அவன் அழுதானாம், இவங்க உருகிட்டாங்களாம்!”

“இன்னாத்துக்குய்யா கத்திக்கினு கீற?” என்றாள் செங்கம்மா.

“பின்ன இன்னாமே? அது அழுகையே இல்ல. மொளகா! துண்டுல நான் தடவுன மொளகா! அதுக்குப் போயி ஓட்டுப் போட்டிருக்கானுங்க!”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“அம்மியக் கழுவுனவ நான்தானே? கையெல்லாம் எரிஞ்சுது. அன்னிக்கு சாயங்காலம் அந்தாளு கண்ணு போச்சின்னு கேட்டதும் புரிஞ்சிபோச்சி. வெண்ண எடுத்துக்கினு அவரு வூட்டுக்கு ஓடுனேன். ரெண்டு கண்ணும் வீங்கிப் படுத்துக்கினு இருந்தாரு.”

“அ... அவனுக்குத் தெரியுமா?”

“துண்ட மோந்து பாத்த அப்பவே தெரிஞ்சிக்கினாராம். ‘ஊருக்குத் தெரிஞ்சா அவன் மானம் போயிடும், யாராண்டயும் சொல்லாதம்மா’ன்னு என்னக் கையெடுத்துக் கும்புட்டாரு.”

செங்கம்மா அவர் வீசிய துண்டை எடுத்து மடித்தாள்.

“நான்தான் ஒரு வூடு வுடாம சொல்லிட்டு வந்தேன்.”