சுத்தம் செய்ய எதுவும் இல்லை

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்ததும், அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கம்ப்யூட்டர்ல இருக்கிற குப்பையெல்லாம் அழிச்சு முடி. இல்லன்னா நானே உக்காந்து ஒண்ணொண்ணா திறந்து பாத்து அழிச்சுக்கிறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஊருல உள்ளவனுக்கெல்லாம் படுக்க இடம், சமைக்க இடம்னு பிரிச்சுக் குடுக்குறேன். என் பெட்டியில ஒரு படம் வைக்க இடமில்லையாம்!"

அண்ணன் கட்டட வரைபடம் போடுகிறவன். கூடத்து மூலையில் இருக்கும் கணினி அவனுடையது. பகலில் அவன் கட்டட வேலைகளைப் பார்க்கப் போகும்போது அவள் தொட்டுக்கொள்ளலாம்.

தொட்டதுதான் வினையாகிவிட்டது.

போன வாரம் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. வெளியூர். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். அதை இந்தக் கணினியில்தான் இறக்கினாள், படித்தாள், நம்பாமல் இன்னொரு முறை படித்தாள், அழித்தாள். அச்செடுத்தது கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். இன்று மாலை கணினி வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார்: "அழிச்சா அழிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. குப்பைத் தொட்டியில உக்காந்து உங்களையே பாத்துக்கிட்டிருக்கும்."

வகுப்பே சிரித்தது. அவள் வகுப்பு முடிந்ததும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தாள்.

போன முறையும் இப்படி ஓர் உத்தரவு வந்தது. அண்ணன் கண்ணில் பட்டது. அவன் கத்தவில்லை. அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, "என் தங்கச்சி வரமாட்டா, மன்னிச்சுக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னான். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு மென்பொருளைப் படியெடுத்துக் கொடுத்திருந்தார். குப்பைத் தொட்டி, பார்த்த பக்கங்கள், கடைசியாகத் திறந்தவை என்று எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைத்துவிடுமாம். பென் டிரைவைச் செருகினாள். தலைகீழ். திருப்பிச் செருகினாள். அதுவும் தலைகீழ்தான் போலிருந்தது.

'இந்த மென்பொருள் இந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ளது' என்றது திரை.

எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். எதிலும் அவளுடைய முதல் சந்தேகம் தன் மேல்தான். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே வரி.

சரி, இருப்பதையே ஓட்டுவோம்.

பச்சைப் பட்டை ஊர்ந்தது. உள்ளே சொம்பு வாளியில் மோதியது. பட்டை முழுதாகி நின்றது.

'சுத்தம் செய்ய எதுவும் இல்லை. கடைசியாகச் சுத்தம் செய்தது: இன்று.'

இன்றா?

இன்று முழுக்க அவள் இந்தப் பக்கமே வரவில்லை. மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் பார்த்துவிட்டான். பார்த்ததை அழித்துவிட்டு, இப்போது இவளையே உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிறான். இதற்குள் அங்கேயும் பேசியிருப்பானோ? மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருப்பானோ?

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணி. அவள் கணினியின் சுட்டியைக்கூடத் தொடமாட்டாள். "எலின்னாலே எனக்கு ஆகாதுப்பா" என்று சொல்லி அண்ணனைச் சிரிக்கவைப்பாள். தூசி துடைக்கும்போதும் அதைச் சுற்றித் துணியை ஓட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தான். விசைப்பலகையில் ஒரு துளி விழுந்தது.

"என்ன வாத்தியாரம்மா, எவ்வளவு இடம் கிடைச்சுது?"

"குப்பையே இல்லையாம்ணா. எல்லாம் உன் படந்தான் அடைச்சுக்கிட்டு இருக்கு." அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது.

அவன் சுட்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். குப்பைத் தொட்டியைத் திறந்தான். காலி. இறக்கியவை இருக்கும் இடத்தைத் திறந்தான். அவனுடைய இரண்டு படங்கள்தான் இருந்தன.

"அட! நான் குளிச்சதைவிட சுத்தமா வச்சிருக்கியே" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான். "சரி எந்திரி. பழைய படத்தையெல்லாம் நானே கழிச்சுக்கறேன்."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கள்ளமில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வந்து தண்ணி குடி" என்றாள். பிறகு கத்தியை நிறுத்தாமலே, குரலை மட்டும் இறக்கினாள். "குப்பைத் தொட்டியை மத்தியானமே காலி பண்ணிட்டேன். தினமும் பண்றதுதானே."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

கழுவுதொட்டிக்கு அடியில், நேற்றைய முட்டை ஓடுகளும் அவற்றின் மேல் இன்றைய வெங்காயத் தோலுமாக, குப்பைத் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது.