கச்சுன்

கூஸ்கோவுக்கு மேலே, அந்த மலையூரில் கல்யாணமாகி வரும் பெண்ணிடம் முண்டும் முடிச்சுமான ஒரு உருளைக்கிழங்கைக் கொடுப்பார்கள். தோலை மெலிசாகச் சீவினால்தான் மாமியார் அவளைக் 'கச்சுன்' என்று கூப்பிடுவாள். இலாரியா அன்று பாதிக் கிழங்கையும் சேர்த்துச் சீவித் தள்ளிவிட்டாள். போன அறுவடையில் கண்ணை மூடும்வரை மாமியார் அவளை 'ஏ பொண்ணு' என்றே கூப்பிட்டாள்.

வீட்டில் தங்க வந்திருந்த நார்வேக்காரப் பெண் இங்கிரிட் காலையில் முற்றத்தில் சூப் குடிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் இலாரியாவின் நாத்தனார் நிகாசியா.

"கிழங்கைத் தூக்கிப் போட்டுட்டுத் தோலையா சமைச்ச, இலாரியா?" என்றாள் நிகாசியா.

இங்கிரிட் திக்கித் திக்கி ஸ்பானிஷில் கேட்டாள். "அடுப்படியில ஒரு அம்மா இருக்காங்களே, இலாரியா சீவின தோலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. 'கச்சுன்'னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்படின்னா என்ன?"

"எந்த அம்மா?" என்றாள் நிகாசியா.

"வெள்ளைத் தொப்பி. முன்பல் ஒண்ணு இல்ல."

நிகாசியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மருமகள்னு அர்த்தம்," என்றாள் இலாரியா. இன்னொரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நாத்தனாரிடம் நீட்டினாள். "உங்கம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடு. ஆறிடப் போகுது."

"சரி, அண்ணி."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல்முறை.

உள்ளே போன நிகாசியா வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுப்படியில் கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்டது. இலாரியா காலை நீட்டி உட்கார்ந்து, சாவகாசமாகத் தன் சூப்பைக் குடிக்கத் தொடங்கினாள்.